ஊசி காட்டாத 450 கிராம்: வீட்டில் கார் ஏசிக்கு கேஸ் ஏற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஒன்பது வருடப் பழசு. பெட்ரோல் ஹேட்ச்பேக், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், உள்ளே ஆர்-134ஏ கேஸ். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கத் தகட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் பெயர், அளவு 450 கிராம், கூடக் குறைய 20 கிராம், கம்ப்ரசருக்கான எண்ணெய் பிஏஜி 46 வகை. இந்த நிகழ்வு முழுவதும் அந்த ஸ்டிக்கர் என் கண்ணெதிரே இருந்தது. ஆனால் ஏழு வாரம் கழித்துத்தான் அதன்படி நடந்தேன். நடுவில் செய்த ஒவ்வொன்றையும், எடுத்த அளவுகளோடு எழுதி வைக்கிறேன். ஒரு டின்னும் ஒரு குழாயும் வாங்கி இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

புகார் எல்லாரும் சொல்வதுதான். ஓட்டத்தில் ஓரளவு குளிரும், சிக்னலில் நின்றால் வெறும் காற்று வரும். ஒரு மாலை, வெளியே 34 டிகிரி இருந்தபோது, நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகினேன். ஜன்னல் மூடி, உள்காற்றுச் சுழற்சியில், ப்ளோயர் முழு வேகத்தில், இன்ஜின் 1500 சுற்றில் வைத்துப் பார்த்தால் 17 டிகிரி. நல்ல நிலையில் 7, 8 வரவேண்டிய இடம் அது.

கேஸ் குறைந்தால் மட்டும்தான் இப்படி ஆகும் என்றில்லை. கண்டென்சர் என்பது கேஸ் தன் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும் இடம், அதன் ஃபேன் சுற்றாவிட்டாலும் நிற்கும்போது குளிராது, ஓடும்போது குளிரும். ஃபேன் சுற்றியது. கண்டென்சரின் முகத்தில் அடைந்திருந்த தூசியையும் பூச்சிகளையும் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கேபின் ஃபில்டரை மாற்றினேன். ஏசி பட்டனை அழுத்தியதும், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டியது, விடாமல் ஓடியது. குளிர் மட்டும் கூடவில்லை. ஆக, மிஞ்சியது கேஸ்தான். இதுவரை சரியான வழியில்தான் போனேன்.

முதல் டின்

வாங்கியது 340 கிராம் டின். அதோடு ஒரு குழாய், குழாயின் தலையில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிய ஒரே ஒரு கேஜ். குழாயின் முனை லோ சைடு போர்ட்டில் மட்டும்தான் பொருந்தும். லோ சைடு என்பது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம், ஹை சைடு என்பது கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம். ஆர்-134ஏ வண்டிகளில் லோ சைடு முனை 13 மில்லிமீட்டர், ஹை சைடு 16. கை தவறி ஹை சைடில் டின்னை மாட்டிவிடக் கூடாது என்றே இரண்டையும் வேறு வேறு அளவில் வைத்திருக்கிறார்கள். அங்கே மாட்டினால் கம்ப்ரசரின் அழுத்தம் நேராக டின்னுக்குள் பாயும், டின் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். வளிமண்டல அழுத்தத்தில் இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், கண்ணில் ஒரு துளி பட்டாலே போதும்.

இன்ஜின் ஓடாதபோது கேஜ் 110 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டியது. 'பரவாயில்லை, உள்ளே நிறைய இருக்கிறது' என்று நினைத்தேன். இந்த நிகழ்வின் முதல் தவறு இதுதான். கையால் செய்ததல்ல, மனதில் நிகழ்ந்தது.

மூடிய பாத்திரத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்து இருந்தால் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பம் மட்டும்தான். 34 டிகிரியில் ஆர்-134ஏ தரும் அழுத்தம் ஏறக்குறைய 110 பிஎஸ்ஐ. உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதுதான், 200 கிராம் இருந்தாலும் அதுதான். கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை ஊசி அசையாது. சமையல் கேஸ் சிலிண்டர் பாதி காலியான பிறகும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரிகிறது. சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தூக்கிப் பார்ப்போம். கார் ஏசியை அப்படித் தூக்கிப் பார்க்க முடியாது, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டதும் லோ சைடு 18க்கு இறங்கியது. டின் வால்வைத் திறந்து, டின்னை நிமிர்த்திப் பிடித்து, விட்டு விட்டு ஏற்றினேன். டின்னைக் கவிழ்த்தால் திரவமாகப் போகும். திரவத்தை கம்ப்ரசர் விழுங்கினால் அதற்கு ஆபத்து, ஏனென்றால் திரவத்தை அமுக்க முடியாது. 32 பிஎஸ்ஐக்கு வந்ததும் ஊசி பச்சைக்குள் நின்றது. வென்ட்டில் 8 டிகிரி. டின்னைக் குலுக்கிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் கீழே மிச்சம் இருந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட திருப்தி உண்மையானது. காரில் ஏறியவர்கள் எல்லாம் 'ஏசி நல்லா இருக்கே' என்றார்கள்.

இரண்டாவது டின்

ஐந்து வாரம்தான். மறுபடியும் 15 டிகிரி.

இந்த ஐந்து வாரத்தை அப்போதே யோசித்திருக்க வேண்டும். கார் ஏசி பெட்ரோல் டேங்க் மாதிரி இல்லை. கேஸ் செலவாவதே கிடையாது, சுற்றிச் சுற்றி வரும் அதே கேஸ்தான். ஆனால் ரப்பர் குழாய்கள், சீல்கள், கம்ப்ரசர் தண்டின் முனை எல்லாம் மிக மெதுவாகக் கசியத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, ஒரே எவாப்பரேட்டர் (கேபின் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) உள்ள புதிய கார் ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்கிறது. அதாவது அவ்வளவு வரைக்கும் கசிவது ஏற்கத்தக்கது. அப்படிப் பார்த்தால் ஒன்பது வருடத்தில் பாதி கேஸ் குறைந்த வண்டியில் ஓட்டை என்று ஒன்று இல்லாமலேகூட இருக்கலாம். ஆனால் அதே கணக்கில் ஐந்து வாரத்துக்கு 4 கிராம்தான். 8 டிகிரியை 15 ஆக்க 4 கிராம் போதாது. 'குறைந்திருக்கிறதா' என்று கேட்டேனே தவிர, 'எவ்வளவு சீக்கிரம் குறைந்தது' என்று கேட்கவில்லை.

கேட்காமல் மறுபடி டின்னை எடுத்தேன். மதியம், 38 டிகிரி, வண்டி வெயிலில் நின்றது, இன்ஜின் ஐடிலில். இந்த முறை வண்ணத்தை நம்பாமல் டின்னோடு வந்த அட்டவணையைப் பார்த்தேன். அந்த வெப்பத்துக்கு லோ சைடு 50 பிஎஸ்ஐ அருகில் இருக்கவேண்டும் என்றது. பழைய டின்னின் மிச்சம் முழுவதும் போனது, ஊசி 31. புதிய டின்னைத் திறந்தேன். 32. கொஞ்ச நேரம் கழித்தும் 33. அட்டவணை சொன்ன எண்ணுக்கு வரவில்லையே என்று மேலும் மேலும் ஏற்றினேன்.

கண்டென்சர் ஃபேன் திடீரென்று அதிக வேகத்தில் இரைந்தது. பெல்ட் கீச்சிட்டது. கிளட்ச் 'டக்' என்று விட்டது, ஊசி ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. டின் வால்வை உடனே மூடி இன்ஜினை நிறுத்தினேன். கம்ப்ரசர் நின்றதும் ஹை சைடு அழுத்தம் லோ சைடுக்கு வந்து கலந்துவிடும், வால்வு திறந்திருந்தால் டின்னுக்குள்ளும் திரும்பி வரும். மெல்லிய தகரம் அது. அந்த இரண்டு விநாடியை இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நடந்தது என்ன என்பதைப் பிறகு உட்கார்ந்து புரிந்துகொண்டேன். இந்த வண்டியில் எவாப்பரேட்டருக்கு முன்னால் எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்கிறது. எவாப்பரேட்டரை விட்டு வெளியேறும் கேஸின் சூட்டை உணர்ந்து, தேவைப்படும் அளவுதான் உள்ளே விடும். அதனால் கேஸ் போதுமான அளவு வந்த பிறகு எவ்வளவு ஏற்றினாலும் லோ சைடு பெரிதாக உயராது, வால்வு உயரவிடாது. மிச்சமெல்லாம் திரவமாகக் கண்டென்சரின் கீழ்க் குழாய்களில் தேங்கும். தேங்கத் தேங்க, ஆவி குளிர்ந்து திரவமாவதற்கு உள்ள இடம் சுருங்கும். ஹை சைடு அழுத்தம் ஏறும். 30 பார் (ஏறக்குறைய 435 பிஎஸ்ஐ) பக்கம் போனதும் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். இதெல்லாம் நடந்தது ஹை சைடில். என்னிடம் இருந்த கேஜ் பார்த்தது லோ சைடை. ஏறவேண்டிய இடத்தில் கேஜ் இல்லை, கேஜ் இருந்த இடம் ஏறாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உள்ளே திரவம் மிச்சம் இருக்கும்வரை, கம்ப்ரசர் ஓடாதபோது இந்த வெயிலில் ஊசி சிவப்பில்தான் நிற்கும். கிளட்ச் ஒட்டாத வண்டியில் கேஜை மாட்டி, 'சிவப்பு காட்டுகிறது, கேஸ் அதிகம்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. கிளட்ச் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் அந்த ஊசியைப் படிக்கவே கூடாது.

எடை சொன்னது

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்தார்.

"போர்ட் நடுவுல இருக்கிற முள்ளை அழுத்திக் கொஞ்சம் வெளிய விட்டுடலாமா அண்ணே?"

"எவ்வளவு விடுவ?"

"ஒரு... கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு தம்பி? ஏத்தும்போதும் தெரியல, விடும்போதும் தெரியாது. அப்புறம் எண்ணெயும் சேர்ந்து வரும்."

அவர் சொன்னது அதோடு நிற்கவில்லை. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. அதற்கு முன் இருந்த ஆர்-12 கெடுத்தது, 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் ஆர்-134ஏ பூமியைச் சூடாக்கும் விஷயத்தில் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு. 150 கிராமை வெளியே விட்டால் 210 கிலோ கரியமில வாயு. 90 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வேண்டுமென்றே வெளியே விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. ஒரு விரலால் முள்ளை அழுத்தி அத்தனையையும் காற்றில் விட எனக்கு மனம் வரவில்லை.

ஏசியை அணைத்தபடியே வண்டியை ஓட்டிப்போய், கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷின் உள்ள ஒரு பட்டறையில் முழுவதையும் எடுக்கச் சொன்னோம். மெஷின் காட்டிய எடை 605 கிராம். ஸ்டிக்கர் சொன்னது 450. மூன்றில் ஒரு பங்கு அதிகம். எண்ணெய் 10 மில்லி வந்தது, அதையும் குறித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து டின்களை எடை போட்டேன். முதல் டின் முழுவதும் காலி, 340. இரண்டாவதில் போனது 150. மொத்தம் 490, அதில் குழாயில் மாட்டிக் கழற்றியதில் ஒரு 30 போயிருக்கும். அப்படியானால் முதல் நாள் வண்டியில் இருந்ததிலிருந்து ஐந்து வாரத்தில் கசிந்ததைக் கழித்தால் 145 கிராம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதியதும் எனக்கு ஒன்று உறைத்தது. உள்ளே போவதை நான் துல்லியமாக எடை போட்டிருந்தாலும் தவறாகத்தான் முடிந்திருக்கும். ஏற்கெனவே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், சேர்க்கவேண்டியது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்ததை நிரப்புவது என்ற வேலைக்கே அடிப்படை இல்லை. முழுவதையும் எடுத்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து 450ஐ எடை போட்டு ஏற்றுவது ஒன்றுதான் கணக்கு. இப்போதைய கண்டென்சர்கள் மெல்லிய தட்டைக் குழாய்களால் ஆனவை, கொள்ளளவு குறைவு, 100 கிராம் பிசகினாலே தெரிந்துவிடும்.

முள்ளின் மேல் ஒரு குமிழ்

அண்ணன் நைட்ரஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து 10 பார் ஏற்றினார். சாதாரணக் காற்றை ஏற்றக் கூடாது, ஈரம் போகும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினோம்.

கண்டென்சருக்குள் நுழையும் குழாயின் இணைப்பில் தூசி எண்ணெயோடு குழைந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால் கேஸ் கசியும் இடத்தில் அதன் தடம் இருக்கும். அங்கே ஒரு நுரை, ஊசி முனையளவு, பல நிமிடத்துக்கு ஒருமுறை. ஒன்பது வருடக் கசிவு அதுதான், இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தது.

ஆனால் ஐந்து வாரக் கசிவு வேறு இடத்தில் இருந்தது. லோ சைடு போர்ட்டின் நடுவில், டயர் வால்வில் இருப்பது போன்ற முள்ளின் மேல், ஒரு குமிழ் கடுகளவில் தொடங்கி மெல்லப் பெருத்து, மிளகளவாகி, உடைந்தது. உடனே அடுத்தது. அண்ணன் முள்ளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அதன் கறுப்பு வளையத்தில் ஒரு மணல் துகள் பதிந்திருந்தது. நான் முதல் நாள் போர்ட்டைத் துடைக்காமல் குழாயை மாட்டியபோது உள்ளே அழுத்தி வைத்த துகள். போர்ட்டின் பிளாஸ்டிக் மூடியையும் அன்றே எங்கேயோ வைத்துத் தொலைத்திருந்தேன். அந்த மூடி வெறும் தூசி மறைப்பு அல்ல, அதன் உள்ளேயும் ஒரு வளையம் இருக்கிறது, அதுவும் ஒரு சீல். ஒன்பது வருடம் மெதுவாகக் கசிந்த வண்டியை ஐந்து வாரத்தில் கசியும் வண்டியாக்கியது நான் செய்த முதல் ரீசார்ஜ்தான்.

லீக் அடைக்கும் மருந்து கலந்த டின் ஒன்றையும் கடையில் பார்த்திருந்தேன். வாங்காதது நல்லதாகப் போயிற்று. அது எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையையும் அடைக்கும், பட்டறையின் ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும்.

முள், இரண்டு ஓ-ரிங், ஈரம் உறிஞ்சும் டிரையர் பை எல்லாம் மாற்றினோம். ஓ-ரிங்கைப் பிஏஜி எண்ணெயில் நனைத்துத்தான் போட்டோம். மறுபடி நைட்ரஜன் 10 பார், அரை மணி நேரம், ஊசி அசையவில்லை.

வேக்யூம், பிறகு எடை

வேக்யூம் பம்ப் 45 நிமிடம் ஓடியது. காற்றை வெளியேற்றுவது மட்டும் அதன் வேலையல்ல. அழுத்தத்தை வளிமண்டலத்தின் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் உள்ளே இருக்கும் நீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். நீர் மிச்சம் இருந்தால் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகும், வால்வில் பனிக்கட்டியாகவும் அடைக்கும். காற்று மிச்சம் இருந்தால் அது கண்டென்சரில் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொண்டு ஹை சைடை உயர்த்தும். டின்னை மட்டும் மாட்டி ஏற்றும்போது குழாயில் உள்ள காற்றும் உள்ளே போகிறது என்பதை நான் முதல் முறை நினைக்கவே இல்லை. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் பார்த்தோம். வேக்யூம் அப்படியே நின்றது.

கேஸ் ஏற்ற ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். ஆனால் விறைப்பான குழாய் டின்னை இழுக்கும்போது எடை 20 கிராம் வரை தப்பாகக் காட்டியது. குழாயின் எடை தராசின் மேல் விழாதபடி இரண்டு செங்கல்லை அடுக்கி அதன் மேல் கிடத்திய பிறகுதான் எண் நிலைத்தது. எடுத்த 10 மில்லி எண்ணெய்க்குப் பதிலாகப் புதிய எண்ணெய் 10 மில்லி. இன்ஜின் ஓடாமலேயே வேக்யூம் ஏறக்குறைய 200 கிராமை இழுத்துக்கொண்டது. பிறகு மேனிஃபோல்டில் (இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கேஜும் வால்வும் உள்ள கருவி) ஹை சைடு வால்வு மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு இன்ஜினைப் போட்டு, லோ சைடு வழியாக மிச்சத்தை ஏற்றினோம். டின் பனி பூத்துச் சோம்பும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்தோம். நெருப்பையோ கொதிநீரையோ டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒரு டின்னில் 340, இன்னொன்றில் 110. நிறுத்தினோம், ஊசியைப் பார்த்து அல்ல.

அளவுகள்: வெளியே 33 டிகிரி, 1500 சுற்று, லோ சைடு 30 பிஎஸ்ஐ, ஹை சைடு 205, வென்ட் 7 டிகிரி. லோ சைடைக் கவனியுங்கள். முதல் நாள் 32, அதிகமாகப் போன நாளில் 33, சரியான அளவில் 30. வெளிவெப்பமும் இன்ஜின் வேகமும் வேறு என்றாலும், சரிக்கும் 155 கிராம் அதிகத்துக்கும் நடுவில் அந்த ஒற்றைக் கேஜ் காட்டிய வித்தியாசம் மூன்று பிஎஸ்ஐ.

வேறு வண்டிகளில் இதே வழி அப்படியே பொருந்தாது. 2017 முதல் ஐரோப்பாவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஆர்-134ஏக்கு அனுமதி இல்லை, பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. அது லேசாகத் தீப்பிடிக்கும், முனைகளும் வேறு, இரண்டையும் கலக்கவே கூடாது. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. பெரும்பாலானவற்றில் மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய்தான் உள்ளே இருக்கும். பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் காப்பு குறைந்து வண்டியே பிழை காட்டும். அந்த வண்டிகளை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. டின் வாங்கும்போதும் நம்பகமான இடத்தில் வாங்குங்கள். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸால் கப்பல் குளிர்க் கண்டெய்னர்கள் வெடித்து உயிர்ப்பலி ஆனது. அந்தக் கலப்படம் அலுமினியத்தோடு வினைபுரியும், கார் ஏசியின் கண்டென்சரும் அலுமினியம்தான்.

புதிய மூடியைப் போர்ட்டில் திருகினேன். ஸ்டிக்கரின் பக்கத்தில் அழியாத மையில் தேதியும், '450 கிராம், காலியிலிருந்து' என்றும், வென்ட் 7 டிகிரி என்றும் எழுதினேன். அப்புறம் மாதம் ஒருமுறை அதே தெர்மாமீட்டர், அதே 1500 சுற்று. பதினோரு மாதம் ஆகிறது. கடைசி அளவு, வெளியே 34 டிகிரியில், 7.